எஞ்சியவற்றுக்கான எண்: சால்மன் தீவனத்தில் பூஞ்சை நச்சின் வரம்பு குறித்து

வளர்ப்பு மீனின் தீவனத்தில் பூஞ்சை நச்சு பற்றி எழுதுவோரிடையே ஒரு வாசிப்பு ஊன்றிவிட்டது. ஐரோப்பிய ஆணையத்தின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஃபியூசேரியம் பூஞ்சையின் நச்சான டியாக்சிநிவலெனாலுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை இடம் தருகிறது. ஆகவே அதற்குக் கீழே மீனுக்குக் கேடில்லை என்பது அந்த வாசிப்பு. இதை ஏற்க இயலவில்லை. அட்டவணையில் பன்றித் தீவனத்துக்கு 0.9, இளங்கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் 2 என்று தனி எண்கள் உள்ளன. இவை போக எஞ்சிய தீவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக வைத்ததே 5. ஃபியூமோனிசின் வரிசையில் மீனுக்கெனத் தனியே 10 மில்லிகிராம் குறித்திருக்கிறார்களே, அப்படியானால் இங்கே மீனைப் பொதுவில் விட்டதும் யோசித்துச் செய்ததுதானே என்று கேட்கலாம். யோசித்துச் செய்தார்கள் என்றால், வானவில் டிரவுட் இதைவிடக் குறைந்த அளவிலேயே தீவனத்தை ஒதுக்குகிறது என்று 1983இலேயே வெளிவந்த சோதனையைத் தள்ளிவிட்டு அல்லவா முடிவெடுத்திருக்க வேண்டும்? மீனுக்கென்று எதுவும் முடிவு செய்யப்படவில்லை என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நார்வேயின் துரொண்ட்ஹெய்மிலிருந்து பார்க்கும்போது இது வெறும் ஏட்டு வழக்கு அல்ல. மேற்கே ஹித்ரா, ஃப்ரோயா தீவுகளைச் சுற்றிய கூண்டுகளில் வளரும் சால்மனின் உணவு ஒரு தலைமுறைக்குள் தலைகீழாகிவிட்டது: 1990இல் நார்வே சால்மன் தீவனத்தில் சுமார் 90 விழுக்காடு கடல்சார் பொருள், 2013இல் ஏறத்தாழ 30. அந்த இடத்தைப் பெரும்பாலும் சோயா, கோதுமை முதலான பயிர்ப் பொருள்கள் பிடித்தன. அவற்றோடு வயல் பூஞ்சையின் நச்சும் வர வழி திறந்தது. 2010இல் அறிவிக்கப்பட்ட ஒரு சோதனையில், கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் டியாக்சிநிவலெனால் கலந்த தீவனத்தை அட்லாண்டிக் சால்மனுக்குப் பதினைந்து வாரம் கொடுத்தார்கள். உண்ணும் அளவு 20 விழுக்காடு குறைந்தது. வளர்ச்சி வேகம் 31 விழுக்காடு சரிந்தது. ஒரு கிலோ எடை கூடத் தேவைப்பட்ட தீவனம் 18 விழுக்காடு ஏறியது. ‘கேடில்லை’ என்று வாசிக்கப்படும் எண்ணுக்கு உள்ளேதான் இவ்வளவும் நடந்திருக்கிறது. டிரவுட்டில் 2011இல் வந்த ஆய்வு இன்னும் கீழே போய், 0.3 முதல் 2.6 மில்லிகிராம் வரையிலான அளவுகளிலேயே வளர்ச்சி படிப்படியாகக் குறைவதைக் காட்டியது.

மீன் குறைவாகத் தின்றது, அதனால் குறைவாக வளர்ந்தது. இதில் நச்சு எங்கே என்பது வழக்கமான மறுப்பு. பன்றியிடமும் இந்நச்சுக்கு முதலில் தெரியும் விளைவு தீவனத்தை ஒதுக்குவதுதான். அங்கே அது கேடு, இங்கே வெறும் பசிக்குறைவு என்றால் அளவுகோல் இரண்டாகிறது. மேலும், உண்டது குறைந்தது மட்டுமே காரணமானால், தின்ற தீவனமாவது ஏறக்குறைய முன்போல் உடலாகியிருக்க வேண்டும். குறைவாகத் தின்னும் மீனுக்கு உயிர் தாங்கவே பெரும்பங்கு போய்விடும் என்பதையும் கணக்கில் வைக்கிறேன்; ஆயினும் 18 விழுக்காட்டை அது ஒன்றே விளக்கிவிடும் என்று தோன்றவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2017இல், தீவனத்தில் அளவு உயரும்போது நாட்பட்ட பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவை என்று பன்றியையும் மீனையும் சேர்த்தே குறிப்பிட்டது. சந்தைத் தீவனத்தில் இந்நச்சு பெரும்பாலும் 5க்கு மிகக் கீழேதான் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம், அது ஆலைகளின் கொள்முதல் கவனத்தைக் காட்டுமே தவிர, எண்ணை நியாயப்படுத்தாது.

தமிழகக் கரைக்கும் இவ்வாதம் பொருந்தும், இன்னும் கூர்மையாக. வனாமி இறாலுக்குப் பதினாறு வாரம் நச்சுக் கோதுமை கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்த 2000ஆம் ஆண்டு ஆய்வில், கிலோவுக்கு 0.5 மில்லிகிராமிலேயே வளர்ச்சி குறைந்தது. அந்த 5இல் இது பத்தில் ஒரு பங்கு. இறால் தீவனக் குருணை தண்ணீரில் கரையாமல் நிற்கக் கோதுமை மாவுதான் பிடிமானம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பண்ணைகளில் பூஞ்சை என்றதும் ஈரம் பட்ட மூட்டையும் அஃப்லடாக்சினும் நினைவுக்கு வருவது இயல்பு. டியாக்சிநிவலெனாலோ அறுவடைக்கு முன்பே கதிரில் உருவாகிவிடுகிறது. ஆலையில் தீவனம் பிழியப்படும் சூட்டிலும் பெரிதாக அழிவதில்லை. பண்ணைக் கொட்டகையை எவ்வளவு உலர்வாக வைத்தாலும் அது குறையப் போவதில்லை. சோதனை நடக்க வேண்டிய இடம் கோதுமை வந்து இறங்கும் ஆலை வாசல். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க இறாலுக்கென்று ஓர் எண் வேண்டும், அது 0.5க்குக் கீழே இருக்க வேண்டும்.