தென்னிந்திய டெர்பி

தென்னிந்திய டெர்பி என்பது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரில் சென்னையின் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ், பெங்களூரு எஃப்சி ஆகிய கழகங்கள் தமக்குள் ஆடும் ஆட்டங்களைக் குறிக்கும் பெயராகும். 2014 இல் இத்தொடர் தொடங்கியபோது இப்பெயர் சென்னைக்கும் கொச்சிக்கும் இடையிலான ஆட்டத்தை மட்டுமே குறித்தது. 2017 இல் பெங்களூரு சேர்ந்த பின்னர் மூன்று கழகங்களுக்கும் பொதுவாயிற்று. 2023 முதல் இம்மூன்றில் மிகக் கடுமையானதாகக் கருதப்படுவது சென்னை ஆடாத ஆட்டம், அதாவது கொச்சி - பெங்களூரு ஆட்டம் ஆகும். பத்தாண்டுக்குள் ஒரு போட்டியுணர்வு இவ்வாறு இடம் மாறியது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

டெர்பி என்னும் சொல் பொதுவாக ஒரே நகரத்தைச் சேர்ந்த அல்லது மிக அருகிலுள்ள ஊர்களைச் சேர்ந்த இரு அணிகளின் ஆட்டத்தைக் குறிக்கும். சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவு உள்ளது. கொச்சியோ சென்னையிலிருந்து ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஆகவே இப்பெயர் கண்டிப்பான பொருளில் பொருந்தாது. ஆயினும் வேறு அண்டை அணிகள் இல்லாத ஒரு தொடரில், ஓர் இரவுத் தொடர்வண்டிப் பயணத்தில் சென்றடையக்கூடிய அணியே அண்டை அணியாகிவிடுகிறது.

நிறங்களிலும் ஒரு முரண் உண்டு. சென்னையின் எஃப்சியும் பெங்களூரு எஃப்சியும் நீல உடை அணிபவை. கேரளா பிளாஸ்டர்ஸ் மஞ்சள் உடை அணிவது. துடுப்பாட்டத்தில் மஞ்சளைத் தம் நிறமாகக் கொண்ட சென்னை இரசிகர்களுக்குக் கால்பந்தில் மஞ்சள் எதிரணியின் நிறமாகும். சென்னை சூப்பர் கிங்ஸ் அணித்தலைவராக மஞ்சள் அணிந்த மகேந்திரசிங் தோனியே நீல அணியின் உரிமையாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். எதிர்ப்பக்கத்தில் கேரளா பிளாஸ்டர்சின் உரிமையில் சச்சின் டெண்டுல்கர் 2018 வரை பங்கு வைத்திருந்தார்.

முன்வரலாறு

கழகங்களுக்கு முன்னர் இம்மூன்று மாநிலங்களின் போட்டி, 1941 இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பைத் தொடரில் மாநில அணிகளிடையே நிகழ்ந்தது. மைசூர் அணி 1946 இலும் 1952 இலும் கோப்பையை வென்று தென்னகத்தின் வலிய அணியாக விளங்கியது. அக்காலத்தில் கேரளம் என்றொரு அணி இருக்க வழியில்லை. மலபார் மாவட்டம் 1956 வரை சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்தது. எல்லைகள் மாறியபோதுதான் எதிரணியும் பிறந்தது.

கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையை 1973 இல் எர்ணாகுளத்தில் இரயில்வே அணியைத் தோற்கடித்து வென்றது. அவ்வணியின் பயிற்சியாளர் தமிழரான சைமன் சுந்தரராஜ். 1960 உரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அவர் அடித்த கோலே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோலாகும். கேரளம் அதன்பின் பலமுறை கோப்பையை வென்றுள்ளது. தமிழ்நாடு ஒருமுறையேனும் வென்றதில்லை. 2011-12 பருவத்தில் இறுதியாட்டம் வரை சென்று சர்வீசஸ் அணியிடம் தோற்றது.

சென்னை நகருக்குள் நடந்த போட்டி வேறு வகையானது. நகரக் கூட்டிணைவில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.), தென்னக இரயில்வே, சுங்கத்துறை, வருமானவரித் துறை, இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகளே பெரும்பாலும் ஆடின. வீரர் ஒருவர் அணியில் சேர்வதென்பது விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் வேலையில் சேர்வதாகும். ஆகவே இவ்வணிகளின் வெற்றி தோல்வி அலுவலகத்துக்கு உரியதாக இருந்ததே தவிர ஒரு தெருவுக்கோ பேட்டைக்கோ உரியதாக இருக்கவில்லை. வியாசர்பாடியில் வளர்ந்த வீரர் ஒருவர் வங்கிக்காக ஆடினார். அவரது அண்டை வீட்டுக்காரர் இரயில்வேக்காக ஆடினார். 1996 இல் தொடங்கிய தேசியக் கால்பந்துக் கூட்டிணைவில் சென்னையிலிருந்து இந்தியன் வங்கி ஆடியது. பிற்காலத்தில் நிறுவனங்கள் வீரர்களை வேலைக்கு எடுப்பதைக் குறைத்தபோது அணிகள் மெலிந்தன. அவற்றோடு அவற்றின் போட்டிகளும் மங்கின. பணி நியமனத்தின் மேல் கட்டப்பட்ட போட்டியுணர்வு, நியமனம் நின்றபின் நிற்கவில்லை.

2014 அரையிறுதி

முதல் பருவத்தின் கூட்டிணைவு ஆட்டங்களில் சென்னையின் எஃப்சி கேரளா பிளாஸ்டர்சை இருமுறையும் வென்றது. சென்னை புள்ளிப்பட்டியலில் முதலிடமும், கேரளா நான்காமிடமும் பெற்றன. இரண்டும் அரையிறுதியில் மீண்டும் சந்தித்தன. டிசம்பர் 13, 2014 அன்று கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளா 3-0 என வென்றது.

டிசம்பர் 16 அன்று சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் இரண்டாம் ஆட்டம் நடைபெற்றது. மிக்கேல் சில்வெஸ்தர் முதற்பாதியில் ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் கேரளாவின் சந்தேஷ் ஜிங்கன் தவறுதலாகத் தம் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்தினார். முறையான நேரம் முடியும் தறுவாயில் ஜெஜெ லால்பெக்லுவா மூன்றாவது கோலை அடிக்க, மூன்று கோல் பின்தங்கல் முழுவதும் ஈடுசெய்யப்பட்டது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. 117 ஆவது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்காக ஒரு கோல் அடித்தார். மொத்தக் கணக்கில் 4-3 என்று கேரளா இறுதியாட்டத்துக்குச் சென்று, அங்கே கொல்கத்தாவிடம் தோற்றது.

ஆடத் தொடங்கி மூன்று மாதங்கூட நிறையாத இரு கழகங்களுக்கு இடையே ஒரு போட்டியுணர்வு ஏற்பட்டது அந்த இரவில்தான் எனலாம். பருவம் முழுதும் வென்ற அணி வெளியேறியது. அதனிடம் இருமுறை தோற்ற அணி முன்னேறியது. விளம்பரத்தில் எழுதப்பட்டிருந்த டெர்பி என்னும் சொல்லுக்கு அப்போதுதான் பொருள் கிடைத்தது. கேரள அணியின் இரசிகர் குழு மஞ்சப்படை எனவும், சென்னை இரசிகர் குழுக்கள் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் எனவும் அறியப்படுகின்றன. சென்னையில் வாழும் மலையாளிகள் மிகுதியாதலால் நேரு அரங்கின் ஒரு பகுதி மஞ்சளாகவே காட்சியளித்தது.

வெள்ள ஆண்டு

2015 பருவத்தில் சென்னை மீண்டும் அரையிறுதிக்குத் தகுதி பெற்றது. ஆனால் அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. பதிவாயிற்று. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சூழ்ந்த குடியிருப்புகள் ஆகியவை நீரில் மூழ்கின. இதனால் டிசம்பர் 12 அன்று கொல்கத்தா அணியுடன் சென்னையில் நடக்கவேண்டிய ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. அதில் சென்னை 3-0 என வென்றது. பின்னர் டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கோவா அணியை 3-2 எனத் தோற்கடித்து முதன்முறையாகக் கோப்பையை வென்றது. தென்சென்னைப் புறநகர் இரசிகர்களில் பலர் தம் வீடுகளிலிருந்து சேற்றை அகற்றிக்கொண்டிருந்த நாட்களில் அவர்களது அணி தன் மிகப்பெரிய வெற்றியை வேறு ஊர்களில் பெற்றது.

பெங்களூருவின் வருகை

பெங்களூரு எஃப்சி 2013 இல் தொடங்கப்பட்டு, ஐ-லீக் கோப்பையை இருமுறை வென்றிருந்தது. 2016 இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்றது. 2017-18 பருவத்தில் அது இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தபோது சென்னைக்கு இன்னொரு தென்னக எதிரணி கிடைத்தது. டிசம்பர் 17, 2017 அன்று பெங்களூருவில் நடந்த முதல் சந்திப்பில், சுனில் சேத்ரி 85 ஆவது நிமிடத்தில் கணக்கைச் சமன் செய்தார். மூன்றே நிமிடங்களில் சென்னையைச் சேர்ந்த தனபால் கணேஷ் வெற்றிக் கோலை அடித்தார்.

பெங்களூரு 40 புள்ளிகளுடன் பட்டியலில் முதலிடம் பெற்றது; இரண்டாமிடம் பெற்ற சென்னைக்கு 32 புள்ளிகள். மார்ச் 17, 2018 அன்று இறுதியாட்டமும் பெங்களூருவின் சிறீ கண்டீரவா அரங்கிலேயே நடந்தது. சேத்ரியின் தொடக்க கோலுக்குப் பின் மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு கோல்களும் ரபேல் அகுஸ்தோ ஒரு கோலும் அடித்தனர். சென்னை 3-2 என வென்று இரண்டாவது முறையாகக் கோப்பையைப் பெற்றது. 2014 இல் சென்னைக்கு நேர்ந்தது இப்போது பெங்களூருவுக்கு நேர்ந்தது.

மூன்று கழகங்களும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னியவை என்பதற்குக் கேரளத்தைச் சேர்ந்த முன்கள வீரர் சி. கே. வினீத் எடுத்துக்காட்டாவார். அவர் பெங்களூரு அணிக்காக ஆடி, பின் கேரளா பிளாஸ்டர்சின் விருப்பத்துக்குரிய வீரராகி, 2019 சனவரியில் சென்னைக்குக் கடனாக வந்தார்.

ஈர்ப்புமையம் மாறுதல்

கோப்பை வென்ற அடுத்த பருவத்திலேயே சென்னை வெறும் 9 புள்ளிகளுடன் பட்டியலின் கடைசியில் முடிந்தது. 2019-20 இல் இறுதியாட்டத்துக்கு மீண்டது; அதன்பின் தொடர்ந்து மூன்று பருவங்கள் எட்டாமிடத்திலேயே நின்றது. 2020-21, 2021-22 பருவங்களின் ஆட்டங்கள் பெருந்தொற்றுக் காரணமாக முழுவதும் கோவாவில், கூட்டிணைவுக் கட்டத்தில் பார்வையாளர் இன்றி நடைபெற்றன. பார்வையாளர் இல்லாத டெர்பி, பட்டியலில் மற்றோர் ஆட்டமே.

இக்காலத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் தொடர்ச்சியாக இறுதிச்சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. மார்ச் 3, 2023 அன்று கண்டீரவா அரங்கில் பெங்களூருவுடனான வெளியேற்ற ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் தடுப்பு அமைத்துக்கொண்டிருக்கும்போதே சேத்ரி ஃப்ரீ கிக்கை விரைவாக அடித்துக் கோலாக்கினார். நடுவர் அதனை ஏற்றார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் வீரர்களைத் திடலை விட்டு வெளியேறச் செய்தார். பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கேரள கழகத்துக்கு 4 கோடி ரூபாய் தண்டமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதித்தது.

விரைவாக அடிப்பதற்கு விதியில் இடமுண்டு என்பது ஒரு பக்கத்தின் வாதம். நடுவர் ஊதும் வரை காத்திருக்கவேண்டிய நிலை அது என்பது மறுபக்கத்தின் வாதம். இவ்வாதம் தீராததே அந்த ஆட்டத்தின் வலிமை. ஒருபுறம் தெளிவாகத் தோற்றிருந்தால் அது மறக்கப்பட்டிருக்கும். அன்று முதல் தென்னிந்திய டெர்பி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது இவ்விரு அணிகளே.

நடைபெறாத நகர டெர்பி

சென்னைக்கு உண்மையான நகர டெர்பி ஒன்று வாய்க்கும் நிலை இருந்தது. சென்னை சிட்டி எஃப்சி 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் சேர்ந்து, 2018-19 இல் கிழக்கு வங்காள அணியை ஒரே புள்ளியில் முந்திக் கோப்பையை வென்றது. எனினும் இரு கழகங்களும் வெவ்வேறு கூட்டிணைவுகளில் ஆடின. சென்னை சிட்டி தன் உள்ளூர் ஆட்டங்களைக் கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொண்டது. 2019 சூப்பர் கோப்பையில் இரண்டும் அரையிறுதிக்கு வந்தன. சென்னையின் எஃப்சி தன் அரையிறுதியை வென்றது. சென்னை சிட்டி கோவாவிடம் தோற்றது. அதுவும் வென்றிருந்தால் நாடளாவிய ஒரு கோப்பையின் இறுதியில் இரு சென்னைக் கழகங்கள் சந்தித்திருக்கும். 2020-21 க்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீக்கில் இடம்பெறவில்லை.

ஐதராபாத்தின் கதையும் இத்தகையதே. 2019 இல் சேர்ந்து 2021-22 இல் கோப்பை வென்ற அக்கழகம் 2025 இல் தில்லிக்கு இடம்பெயர்ந்து பெயரும் மாறியது. தெலங்காணாவோடு தென்னகத்தின் நான்காவது போட்டி அதனுடன் முடிந்தது.

கொல்கத்தாவுடன் ஒப்பீடு

இந்தியாவின் மிகப் பழைய டெர்பி கொல்கத்தாவின் மோகன் பகான் (1889), கிழக்கு வங்காளம் (1920) ஆகிய கழகங்களுக்கு இடையிலானது. மேற்கு வங்கத்தாருக்கும், கிழக்கிலிருந்து குடிபெயர்ந்தோருக்கும் இடையிலான வேறுபாடு, குறிப்பாக 1947 பிரிவினைக்குப் பின், இப்போட்டிக்கு உரமூட்டியது. ஆகஸ்ட் 16, 1980 அன்று ஈடன் கார்டன்ஸ் அரங்கில் ஏற்பட்ட மோதலிலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் உயிரிழந்தனர். 1997 கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியை 1,31,000 க்கு மேற்பட்டோர் கண்டனர்.

அதுவும் மாறாமல் இல்லை. அகதியாக வந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு அணி என்பது குடும்பவழி வரும் பழக்கமாயிற்று. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் பெண் மருத்துவர் கொலையுண்டதை அடுத்து டியூரண்ட் கோப்பை டெர்பி கைவிடப்பட்டபோது, இரு அணி இரசிகர்களும் சேர்ந்தே தெருவில் இறங்கி நீதி கேட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு, ஆகஸ்ட் 12, 2023 அன்று, இதே தொடரில் எட்டுத் தொடர் தோல்விகளுக்குப் பின் கிழக்கு வங்காளத்துக்கு டெர்பி வெற்றியைத் தந்த ஒரே கோலை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். அவர் சென்னை சிட்டியில் ஆடியவர். சொந்த ஊரில் நகர டெர்பி ஆட வாய்க்காத வீரருக்குக் கொல்கத்தாவில் அது வாய்த்தது.

புறநகரும் நிரலும்

சென்னை அணியின் அரங்கம் பெரியமேட்டில் உள்ளது. தாம்பரத்தார் மின்தொடர்வண்டியில் பூங்கா நிலையம் வரை வந்து இறங்கலாம். பள்ளிக்கரணையில் இருப்போர் வேளச்சேரிக்கு வந்து பறக்கும் தொடர்வண்டியைப் பிடிக்கவேண்டும். இரவு ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் திரும்புவது கடினம். இப்புறநகர்களில் கால்பந்து ஆடுவது பெரிதும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல் திடல்களில்தான். அங்கே அணிக்கு ஐவர் ஆடும் குழுக்கள் அலுவலகப் பெயரிலும் அடுக்ககப் பெயரிலும் அமைகின்றன. நிறுவன அணிகளின் பழைய வழக்கம் சிறு அளவில் மீண்டுள்ளது போலும்.

2025-26 பருவம், கூட்டிணைவை நடத்தும் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 சூலையில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2026 பெப்ரவரியில்தான் தொடங்கியது. 14 கழகங்களும் ஒன்றையொன்று ஒருமுறை மட்டுமே சந்திக்கும் வகையில் 91 ஆட்டங்களாக அது சுருக்கப்பட்டது. இம்முறையில் சென்னை - கொச்சி ஆட்டம் இரு ஊர்களில் ஏதேனும் ஒன்றில்தான் நடக்கமுடியும். மற்ற ஊருக்கு அப்பருவத்தில் மறு ஆட்டம் கிடையாது.