எம்.புக் முதல் ஈட்டிய மதிப்பு வரை

பெரியாற்றுத் தண்ணீரை மேற்கிலிருந்து மதுரைச் சமவெளிக்குத் திருப்பும் யோசனை பல தலைமுறைக்குச் செலவுக் கணக்கிலேயே முடங்கிக் கிடந்தது. 1789இல் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி இடம் பார்த்தார்; கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் போட்ட மண் அணைத் திட்டம் 17.5 லட்சம் ரூபாய். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1882இல் பொறியாளர் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கொண்ட அணைக்குப் போட்ட மதிப்பீடு 62 லட்சத்தைத் தொட்டது. 1887இல் தொடங்கிய வேலை 1895இல்தான் முடிந்தது. இடையில் ஆற்றுக்குள் எழுப்பிய தற்காலிக அணைகளை வெள்ளம் பலமுறை அடித்துக்கொண்டு போனது. கூலி கொடுத்தாயிற்று, அணையோ இல்லை. செலவழிந்த பணத்தை வைத்து வேலையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை.

பொதுப்பணித்துறை இதற்கு வைத்திருந்த கருவி அளவுப் புத்தகம். ஓவர்சியர் முதல் காண்டிராக்டர் வரை எல்லோர் வாயிலும் அது ‘எம்.புக்’. பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருக்கும். ஒன்றைக்கூடக் கிழிக்கக் கூடாது. எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என்று மையில் எழுத வேண்டும். தப்பு நேர்ந்தால் சுரண்டாமல், அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். மேலதிகாரி டேப்பைப் பிடித்து மறுபடி அளப்பார். அளவை ஒப்பந்த விகிதத்தால் பெருக்கினால், அதுவரை முடிந்த வேலைக்கான ‘பார்ட் பில்’ தயார். பில் போட்டதும் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு.

இதே பெருக்கலை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இல் 35 விதிகளாக வகுத்தது. பின்னாளில் அது ‘ஈட்டிய மதிப்பு’ முறையாக மென்பொருள் வேலைக்கும் வந்தது. பத்து மாதம், 10 லட்சம் ரூபாய் வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் மாத முடிவில் திட்டப்படி 5 லட்சத்துக்கு வேலை ஆகியிருக்க வேண்டும். செலவானது 6 லட்சம். முடிந்த பகுதிகளுக்குத் திட்டத்தில் போட்ட மதிப்பு, அதாவது ஈட்டிய மதிப்பு, 4 லட்சம். நான்கை ஐந்தால் வகுத்தால் 0.8, காலத்தில் பின்தங்கல். ஆறால் வகுத்தால் 0.67, ஒவ்வொரு ரூபாய்க்கும் 67 காசு வேலைதான் நடந்திருக்கிறது.

மதுரையின் வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காக்களில் டேப் வைத்து அளக்கக் கல்லும் காரையும் கிடையாது. ‘தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்ற பேச்சு வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். அதனால்தான் இத்துறையில் கண்டிப்பான குழுக்கள் பாதி வேலைக்கு மதிப்பே போடுவதில்லை. சோதிப்பவர் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்தப் பகுதியின் முழு மதிப்பும் கணக்கில் ஏறும்.