சர்க்கார் ஜாமீன் யாருக்கு?

ஆழ்வார்திருநகரியில் இருக்கும் என் அத்தானுக்கு ஓர் ஆசை. பிரபலமான ஹோட்டல் ஒன்றின் பிரான்ச்சைஸ் எடுத்து, திருச்செந்தூர் போற ரோட்டுல கடை போடணும். லோனுக்கு சொத்து காட்ட வேண்டாம், கவர்மெண்டே ஜாமீன் நிக்கும்னு யாரோ சொல்லிட்டாங்க. "அப்போ கடை ஓடலைன்னா கவர்மெண்ட் கட்டிரும்லா மாப்ள?"ன்னு கேட்டார். இது ரொம்பப் பழைய குழப்பம். அதனால கல்வெட்டுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

சோழர் காலத்துல கோயில்ல நந்தா விளக்கு எரிய ஒருத்தர் 96 ஆடு கொடுப்பார். அதை வாங்கிக்கிட்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்கணும். ஆடு சாகும், கிழடாகும். ஆனா கணக்குல 96 குறையக் கூடாது. அதனாலதான் அதுக்குப் பேரு 'சாவா மூவாப் பேராடு'. அசல் அப்படியே நிக்கும், வட்டி மட்டும் நெய்யா வரும் :-) அந்த இடையருக்கு மத்த இடையர்கள் 'புணை' நின்றதையும் கல்வெட்டுகள் சொல்லுது. புணைன்னா ஜாமீன். இவர் அளக்காவிட்டால் அவங்க அளக்கணும். கவனிங்க, புணை காப்பாத்தினது விளக்கை. இடையரை இல்லை.

அந்தப் புணை இடத்துக்கு சர்க்கார் வந்தது 1960 ஜூலையில. சிறுதொழில் கடன்களுக்கு மத்திய அரசு கொண்டுவந்த உத்தரவாதத் திட்டத்தை ரிசர்வ் வங்கி நடத்துச்சு. (1949-லயே சென்னையில தொடங்கின, இன்னைக்கு டிஐஐசின்னு சொல்ற நிறுவனம் வேற வகை. அது நேரடியா கடன் கொடுக்கறது.) 2000 ஆகஸ்டில் மத்திய அரசும் சிட்பியும் 4:1 விகிதத்தில் பணம் போட்டு ஓர் உத்தரவாத டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க. 2006 சட்டத்துக்கு அப்புறம் அது சிஜிடிஎம்எஸ்இ ஆச்சு. உத்தரவாத உச்சவரம்பு 2023-ல 5 கோடி, 2025 ஏப்ரலில் 10 கோடி. சின்னக் கடைகளுக்கு 2015-ல முத்ரா வந்தது.

இதெல்லாம் வீண் வேலைன்னு நான் சொல்லவே மாட்டேன். தமிழ்நாட்டுல கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் வந்தது 2003-ல. அதுக்கப்புறமும் 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல ஒரு குடும்பமே தீக்குளிச்சதை நாம பாத்தோம். ஈடு வைக்க எதுவும் இல்லாதவன் வேற எங்க போவான்?

ஆனா கடன் வாராக்கடன் ஆனா என்ன நடக்கும்? வங்கி முதல்ல வழக்கு போடும். அப்புறம் டிரஸ்ட் கிட்ட தன் நஷ்டத்துல ஒரு பங்கைக் கேட்டு வாங்கும். வாங்கினவர் மேல இருக்கற கடன் அதனால அழியாது, வசூல் தொடரும். அந்த உத்தரவாதத்துக்கான கட்டணமும் பெரும்பாலும் கடன்காரர் தலையிலதான். சொத்து ஈடு வேண்டாம்னாலும், லோன்ல வாங்கின அடுப்பும் ஃபிரிட்ஜும் வங்கிக்கு ஈடாத்தான் இருக்கும். அமெரிக்காவுல 1953-ல தொடங்கின எஸ்பிஏவும் இதே கதைதான். பிரான்ச்சைஸ் வாங்கவே அங்க சர்க்கார் உத்தரவாதத்தோட லோன் கிடைக்கும். ஆனா 20 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு வச்சிருக்கறவங்க எல்லாரும் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து போட்டாகணும்.

பிரான்ச்சைஸ்ல இன்னொரு சிக்கல். ராயல்டியை பெரும்பாலும் விற்பனையில சதவீதமா எடுப்பாங்க, லாபத்துல இல்லை. கடை நஷ்டத்துல ஓடினாலும் கம்பெனிக்கு நெய் அளந்தாகணும். மேல இஎம்ஐ வேற. அப்புறம் உறங்காப்புளி ஊர்ல மரம் மட்டுமில்ல, கடைக்காரரும் உறங்க மாட்டார்.