வடிகுழாய் அகற்றும் நாள்

நம் உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் வயிற்றில் அறுவை மருத்துவம் நடந்தது. நான்கு மக்களைப் பெற்றதில் வயிற்றுத் தசைகள் நடுவே விலகிப்போயின; தோல் மடிந்து தொங்கியது; மடிப்பினுள் புண் வருவதும் ஆறுவதுமாக இருந்தது. மருத்துவர்கள் தளர்ந்த தசையைத் தைத்து இறுக்கி, மிகுதியான தோலையும் கொழுப்பையும் அகற்றினார்கள். கத்திக்கு அஞ்சாத அந்த அம்மையார் பத்தாம் நாள் காலையில்தான் அஞ்சினார். அடிவயிற்றின் இருபுறமும் தோலைத் துளைத்து வெளியே வந்திருந்த இரண்டு மெல்லிய குழாய்களை அன்று உருவப் போகிறார்கள். “குடலும் சேர்ந்து வந்துவிட்டால் என்ன செய்வது?” என்று அவர் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றிலிருந்து ஒன்றை உருவப் போகிறார்கள் என்றால் யாருக்குத்தான் அச்சம் தோன்றாது?

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அச்சிறு குழாய்க்குப் பின்னால் ஏறத்தாழ 2,400 ஆண்டு வரலாறு நீண்டு கிடப்பதைக் கண்டோம். குழாயை உள்ளே வைக்கும் கலையைப் போலவே, அதை எப்போது வெளியே எடுப்பது என்னும் அறிவும் அவ்வரலாற்றில் இடம்பெற்றிருப்பது நம்மை வியக்க வைத்தது.

அரபு மருத்துவர்கள் ‘புக்ராத்’ என அழைத்த கிரேக்க மேதை இப்போகிரத்தஸின் பெயரால் வழங்கும் நூல் தொகுதியில், நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டியவருக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை கூறப்பட்டிருக்கிறது. விலாவைக் கீறிச் சீழை நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியேற்ற வேண்டும். சீழ் நீர்போலத் தெளிந்து அளவிலும் குறைந்தபின், உள்ளீடற்ற வெள்ளீயக் குழாயைப் புண்ணில் வைக்க வேண்டும். உள்ளே முற்றும் வறண்டபின், குழாயைச் சிறிது சிறிதாக வெட்டிக் குறுக்கிப் புண்ணை ஆறவிட வேண்டும். வடியும் நீரின் நிறத்தையும் அளவையும் பார்த்து முடிவு செய்யும் முறை அன்றே தோன்றிவிட்டது.

அடுத்து நாம் நிற்க வேண்டிய இடம் ஸ்பெயின் நாட்டின் குர்துபா. அதன் அருகே மதீனத்துஸ் ஸஹ்ரா நகரில் கி.பி. 936 அளவில் பிறந்தவர் அபுல் காசிம் அல் ஸஹ்ராவி. ஐரோப்பியர் அவரை ‘அல்புகாசிஸ்’ என்றனர். கி.பி. 1000 அளவில் அவர் முடித்த ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூல் 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவத்துக்கு உரியது; ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் உண்டு. வயிற்றில் நீர் கட்டும் மகோதர நோய்க்கு அவர் கூறிய கருவி, வெள்ளியாலோ செம்பாலோ பித்தளையாலோ செய்த வழவழப்பான குழாய். அதன் பக்கங்களிலும் துளைகள் இடப்பட்டிருக்கும். ஒரு துளை அடைபட்டாலும் மற்றொன்று வழியே நீர் வடியும். இன்று மருத்துவமனைகளில் பயன்படும் குழாயிலும் வரிசையாகப் பக்கத் துளைகள் இருக்கின்றன. நீர் முழுவதையும் ஒரே வேளையில் வடித்துவிட்டால் நோயாளியின் உயிருக்கே கேடு என்றும் அப்பெருமகனார் எச்சரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு என்பவர் அறுவைப் பகுதியை இலத்தீனில் மொழிபெயர்த்தார். பின்னர்ப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் அதைப் பாடமாகப் பயின்றனர்.

உலோகக் குழாய் உடலை உறுத்தும். அதற்கு மாற்றாக மெல்லிய இரப்பர்க் குழாயைப் பரவலாக்கியவர் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் சசாஞ்யாக். 1859ஆம் ஆண்டில் இதைக் குறித்தே ஒரு நூல் வெளியிட்டார். 1871இல் விக்டோரியா அரசியாருக்கு அக்குளில் பெரிய சீழ்க்கட்டி வந்தது. ஸ்காட்லாந்தின் பல்மோரல் மாளிகைக்கு அழைக்கப்பட்ட ஜோசப் லிஸ்டர் அதைக் கீறித் துணித்திரி வைத்தார். சீழ் சரியாக வடியவில்லை. தம் கார்பாலிக் தெளிப்பானிலிருந்த இரப்பர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டி, மருந்தில் ஊறவைத்துப் புண்ணில் செருகினார். சீழ் வடிந்தது, அரசியார் நலம் பெற்றார்.

எனினும் திறந்த குழாய் நீர் வெளியேறும் வாயிலாக இருந்ததுபோலவே, கிருமிகள் உட்புகும் வாயிலாகவும் இருந்தது. 1954இல் பிரான்சின் ரெடான், காற்றுப் புகாத புட்டியோடு குழாயை இணைத்து உறிஞ்சும் முறையை வெளியிட்டார். 1971இல் அமெரிக்காவின் ஜாக்சன், பிராட் இருவரும் தலையில் தேங்கும் இரத்தத்தை வடிக்கச் சிலிக்கோன் உறிஞ்சுகுழாயைப் பற்றி எழுதினர். அவர்கள் பெயரால் வழங்கும் குழாயின் நுனியில் கையடக்கமான குமிழி ஒன்று இருக்கும். அதை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால், மீண்டும் விரிய முயலும்போது உள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும்.

வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அகற்றும் அறுவையும் புதியதன்று. 1899இல் பால்டிமோர் நகரத்து மருத்துவர் ஹோவர்டு கெல்லி, ஒரு பெண்மணியின் வயிற்றிலிருந்து ஏழு கிலோவுக்கு மேற்பட்ட கொழுப்புத் திரளை அகற்றியதைப் பதிவு செய்தார். இவ்வகை அறுவையில் தோலையும் கொழுப்பையும் தசைச்சுவரிலிருந்து பரந்த அளவில் பிரித்தெடுக்கிறார்கள். சிறு நாளங்கள் அறுபடுவதால் இடைவெளியில் நீர் ஊறுகிறது. அதை வெளியேற்றித் தோலும் தசையும் மீண்டும் ஒட்டிக்கொள்ள உதவுவதே குழாயின் பணி.

நம் உறவினரின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. குழாய் கிடப்பது தோலுக்கும் தசைச்சுவருக்கும் நடுவே. குடல் இருப்பது அச்சுவருக்கு அப்பால். ஒன்றோடு ஒன்று சேர்ந்து வர வழியே இல்லை.

முதல் நாள்களில் வடியும் நீர் குருதிச் சிவப்பாக இருக்கும்; பின்னர் இளஞ்சிவப்பாகி, இறுதியில் வைக்கோல் மஞ்சளாகத் தெளியும். ஒரு நாளில் வடிவது 30 மில்லி லிட்டருக்குக் கீழே இறங்கி, மறுநாளும் அவ்வாறே இருந்தால், மருத்துவர் பெரும்பாலும் குழாயை அகற்ற இசைவார். இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். முந்தி எடுத்தால் நீர் தேங்கும். பிந்தி எடுத்தால் கிருமி புகும். நம் உறவினரின் கணவர் காலையும் மாலையும் அளந்து ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிவந்தார். மருத்துவர் முதலில் கேட்டது அக்குறிப்பேட்டைத்தான்.

அகற்றும் முறை எளியது. குமிழியின் உறிஞ்சலை நிறுத்தி, குழாயைத் தோலோடு பிணைத்த தையலை வெட்டுகிறார்கள். மூச்சை உள்ளிழுத்து மெல்ல வெளியே விடச் சொல்கிறார்கள். அப்போது குழாய் உருவப்படுகிறது. உள்ளே ஏதோ ஊர்ந்து நழுவுவது போன்ற உணர்வும் சிறிது எரிச்சலும் தோன்றும். சில நொடிகளில் முடிந்துவிடும். எதிர்பார்த்ததைவிட நீளமாக வருவதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. துளையைப் பெரும்பாலும் தைப்பதில்லை, துணிக்கட்டுப் போதும். ஓரிரு நாள் சிறிது நீர் கசியும். பின்னர்த் தானே மூடிக்கொள்ளும். வயிற்றுப் பட்டையை மருத்துவர் கூறும் காலம்வரை அணிய வேண்டும்.

ஆனால் வயிறு மீண்டும் உப்பினாலோ, உள்ளே நீர் அலம்புவதுபோல் இருந்தாலோ, காய்ச்சல், பரவும் செம்மை, நாற்றம், சீழ், மிகுந்த குருதி தோன்றினாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கழிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தேங்கிய நீரை ஊசியால் எடுத்துவிட முடியும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொல்லாக் என்னும் பெயருடைய மருத்துவர்கள் இருவர், தோலைத் தசையோடு பல தையல்களால் பிணைத்து இடைவெளியையே அடைக்கும் முறையை வெளியிட்டனர். அம்முறையைக் கையாள்வோர் பலர் குழாயே வைப்பதில்லை.

நம் உறவினர் அன்று கண்களை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். மூச்சை விட்டு முடிப்பதற்குள் முதல் குழாய் வந்துவிட்டது. “அடுத்ததையும் எடுங்கள்” என்று அவரே கூறினார். முதல் நாளே யாரேனும் இவ்வளவையும் எடுத்துரைத்திருந்தால், பத்து இரவுகள் அவர் உறக்கமின்றிக் கிடந்திருக்க மாட்டார். நம் இல்லங்களில் பெண்கள் தம் உடலைப் பற்றிக் கேட்கத் தயங்கும் கேள்விகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், நாமே முன்வந்து சொல்லும் பழக்கம் வர வேண்டும்.