பத்து மணி வரை கெடு

1940 ஜூன் 14. அன்றுதான் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்திருந்தது. உலகமே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில், பன்னிரண்டு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தபோது, மாஸ்கோவில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ், லித்துவேனிய வெளியுறவு அமைச்சர் யுவோசாஸ் உர்ப்ஷிஸிடம் ஓர் அறிக்கையைக் கொடுத்தார். லித்துவேனிய அதிகாரிகள் சோவியத் வீரர்களைக் கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. கோரிக்கைகள் மூன்று. உள்துறை அமைச்சர் ஸ்குசாஸையும் அரசுப் பாதுகாப்புத் துறைத் தலைவர் பொவிலைட்டிஸையும் கைதுசெய்து விசாரிக்க வேண்டும். மாஸ்கோவுக்கு ஏற்ற புதிய அரசு அமைய வேண்டும். முக்கிய ஊர்களில் எல்லாம் கூடுதல் செஞ்சேனை வந்து தங்க அனுமதிக்க வேண்டும். பதில் சொல்ல மறுநாள் காலை பத்து மணி வரை கெடு.

அந்த இருவரையும் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் விசாரிப்பது என்று உர்ப்ஷிஸ் கேட்டார். முதலில் பிடியுங்கள், பிரிவு கிடைக்கும் என்பதுதான் பதிலின் சாரம். அதைவிட முக்கியமான ஒன்றையும் மொலோடோவ் மறைக்காமல் சொல்லிவிட்டார். லித்துவேனியா என்ன பதில் சொன்னாலும் நாளை படை நுழையும்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் உறுத்தும். ஒரு கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கிளைகள் இருந்து, இரண்டும் ஒரே வரியில் போய் முடிந்தால், அந்த ‘இஃப்’ எதுக்கு, தூக்கிடு என்பார்கள் கோட் ரிவ்யூவில். மொலோடோவ் ஏன் தூக்கவில்லை? ‘ஆம்’ என்ற கிளையில் போனால் வழியில் ஒரு கையெழுத்து கிடைக்கும் என்பதால்தான். படையெடுப்புக்குத் துப்பாக்கி போதும். அது படையெடுப்பே இல்லை, அவர்களே கூப்பிட்டார்கள் என்று பிறகு சொல்லிக்கொள்ள ஒரு சம்மதக் காகிதம் தேவை. கெடு என்பது அந்தக் காகிதத்தை வாங்குகிற வேலை.

லித்துவேனியாவுக்கு இது புதிதும் இல்லை. 27 மாதங்களில் இது மூன்றாவது கெடு.

முதலாவது, 1938 மார்ச் 17 அன்று போலந்திடமிருந்து வந்தது. 1920இல் வில்னியஸைப் போலந்து எடுத்துக்கொண்டதிலிருந்து இரு நாடுகளுக்கும் தூதரக உறவே கிடையாது. லித்துவேனியா கௌனாஸைத் ‘தற்காலிகத் தலைநகர்’ என்றே சொல்லி வந்தது. 48 மணி நேரத்துக்குள் உறவை ஏற்படுத்து என்றது போலந்து. லித்துவேனியா சரி என்றது. உயிர்ச்சேதம் இல்லை, நிலம் போகவில்லை. நியாயமான முடிவு என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது, 1939 மார்ச் 20 அன்று ஜெர்மனியிடமிருந்து. ரோமிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பெர்லினில் இறங்கிய இதே உர்ப்ஷிஸிடம், கிளைபெடா துறைமுகப் பகுதியைக் கொடுத்துவிடு என்றார் ரிப்பன்ட்ராப். மூன்றே நாளில் ஹிட்லர் அங்கே கப்பலில் வந்து இறங்கினார். லித்துவேனியா தன் முக்கியத் துறைமுகத்தை இழந்தது.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, கெடு என்று பெயர் வைக்கப்படாத ஒன்றும் உண்டு. 1939 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஜெர்மனியும் சோவியத்தும் ரகசிய உடன்பாடுகளில் கிழக்கு ஐரோப்பாவைப் பங்குபோட்டன. லித்துவேனியா முதலில் ஜெர்மனியின் பங்கில் இருந்து, பிறகு சோவியத் பங்குக்கு மாற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று மாஸ்கோவில் ‘பரஸ்பர உதவி ஒப்பந்தம்’. வில்னியஸ் உங்களுக்கு, 20,000 சோவியத் வீரர்களுக்கான தளங்கள் எங்களுக்கு. இருபது ஆண்டுகள் ஏங்கிய ஊர் திரும்பக் கிடைத்தது. ஊரோடு ஒரு படையும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஆகவே ஜூன் 14 இரவு கௌனாஸில் கூடியவர்கள் யோசிக்க ஆரம்பித்தபோது, யோசிப்பதற்கு இடமே மிச்சமில்லை. ஒவ்வொரு ‘சரி’யும் அடுத்த ‘முடியாது’வின் விலையை ஏற்றிக்கொண்டே வந்திருந்தது. அதிபர் அன்டானாஸ் ஸ்மெடோனா ஏற்கக் கூடாது என்றார். ஜெயிக்க முடியாது, ஆனால் எதிர்த்தோம் என்பதாவது பதிவாக வேண்டும் என்பது அவர் கட்சி. பாதுகாப்பு அமைச்சர் முஸ்டெய்கிஸ் அவரோடு நின்றார். படைத்தளபதி விட்கவுஸ்காஸ், முன்னாள் தளபதி ரஷ்டிகிஸ், பிரதமர் மெர்கிஸ் ஆகியோர் ஏற்பதே வழி என்றார்கள். பெரும்பான்மை அவர்கள் பக்கம்.

அவர்களைக் கோழைகள் என்று 80 ஆண்டு கழித்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். சில மாதங்களுக்கு முன் பின்லாந்து மறுத்துப் போரிட்டது. சுதந்திரம் தப்பியது, ஆனால் சுமார் 25,000 உயிர்களும் நாட்டின் பத்தில் ஒரு பங்கு நிலமும் போயின. பின்லாந்தின் வீட்டுக்குள் முன்கூட்டியே சோவியத் தளங்கள் இல்லை. லித்துவேனியாவில் இருந்தன. கணக்காகப் பார்த்தால் ராணுவத்தினர் சொன்னது தப்பில்லை.

ஆனால் அந்த அறையைப் பார்க்க வேண்டும். 1926இல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்தவர் ஸ்மெடோனா. அதன்பின் எதிர்க்கட்சிகள் ஒடுக்கப்பட்டன. நாடாளுமன்றம் இருந்தும் இல்லாத மாதிரிதான். பக்கத்திலிருந்த லாட்வியா, எஸ்டோனியாவிலும் 1934 முதல் அப்படித்தான். சுமார் 30 லட்சம் மக்களின் நாட்டுக்காக விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் ஒரே இரவில் முடிவெடுத்தார்கள். யாரும் மக்களிடம் கேட்கவில்லை, கேட்கிற வழியையே அவர்கள் முன்பே அடைத்திருந்தார்கள். இரண்டு பேரை மிரட்டினால் மொத்த நாட்டின் கையெழுத்தும் கிடைக்கும் என்றால், மிரட்டுகிறவனுக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

சம்மதம் மாஸ்கோவுக்குப் போவதற்குள், கெடு முடிய இன்னும் பல மணி நேரம் இருக்கையில், எல்லைச் சாவடி ஒன்றைச் சோவியத் வீரர்கள் தாக்கினார்கள். அலெக்சாண்ட்ராஸ் பரவுஸ்காஸ் என்ற காவலர் கொல்லப்பட்டார். ‘பத்து மணி’ என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ரஷ்டிகிஸைப் பிரதமராக்குகிறோம் என்றதையும் மாஸ்கோ ஏற்கவில்லை. ஸ்மெடோனா அதிகாரத்தை மெர்கிஸிடம் தற்காலிகமாக ஒப்படைத்துவிட்டு, எல்லையில் ஓர் ஓடையைக் கடந்து ஜெர்மனிக்குள் போனார். மறுநாளே மெர்கிஸ் தானே அதிபர் என்று அறிவித்து, மாஸ்கோ சொன்ன பலெட்ஸ்கிஸைப் பிரதமராக்கினார். பிறகு அவரும் விலக, அதிபர் பொறுப்பு பலெட்ஸ்கிஸிடம் வந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து. ஜூலையில் ஒரே வேட்பாளர் பட்டியலோடு தேர்தல். ஆகஸ்ட் 3 அன்று லித்துவேனியா ஒரு சோவியத் குடியரசு.

கையெழுத்து போட்டவர்களையும் அது காப்பாற்றவில்லை. மெர்கிஸும் உர்ப்ஷிஸும் ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஸ்குசாஸும் பொவிலைட்டிஸும் 1941இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிவு கிடைத்துவிட்டது. கெடு வந்து சரியாக ஓராண்டில், 1941 ஜூன் 14 அன்று, பெரும் நாடுகடத்தல் தொடங்கியது. சில நாட்களில் சுமார் 17,000 பேர் ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு கெடுவும் உண்டு. 1990 பிப்ரவரியில் தொடங்கிய போட்டித் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம், மார்ச் 11 அன்று சுதந்திரத்தை மீட்பதாக அறிவித்தது. ஆதரவு 124, எதிர்ப்பு 0, நடுநிலை 6. ‘பிரிகிறோம்’ என்று அது சொல்லவில்லை. 1940 இணைப்பே செல்லாது, நாடு தொடர்ந்து இருந்துகொண்டுதான் இருந்தது என்பது அதன் வாதம். அமெரிக்கா 1940 ஜூலையிலேயே பால்டிக் நாடுகள் விழுங்கப்பட்டதை ஏற்க மறுத்திருந்தது. வாஷிங்டனில் பழைய லித்துவேனியத் தூதரகம் அத்தனை காலமும் மூடப்படவே இல்லை. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய சம்மதக் காகிதம் அங்கே செல்லுபடியாகவில்லை.

ஏப்ரல் 13 அன்று கோர்பச்சேவ் இரண்டு நாள் கெடு கொடுத்தார். சட்டங்களைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் பொருளாதாரத் தடை. வில்னியஸ் பணியவில்லை. எண்ணெய் நிறுத்தப்பட்டது, எரிவாயு வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஜூன் இறுதியில், பேச்சுவார்த்தை தொடங்கினால் அறிவிப்பை 100 நாள் நிறுத்திவைக்கிறோம் என்று இறங்கி வந்தார்கள், ரத்து செய்யவில்லை. 1991 ஜனவரி 13 அன்று டாங்கிகள் வந்தபோது ஆயுதமில்லாத மக்கள் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சூழ்ந்து நின்றார்கள். 14 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றத்தைச் சுற்றியும் கூட்டம். படை அதற்குள் நுழையவில்லை.

1990இன் மாஸ்கோ 1940இன் மாஸ்கோ இல்லை, உண்மைதான். ஸ்டாலினாக இருந்திருந்தால் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கியிருக்க மாட்டார். ஆனாலும் ஒரு வித்தியாசம் லித்துவேனியர்களே உண்டாக்கியது. இம்முறை கெடு போய்ச் சேர்ந்த அறைக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். உள்ளே இருப்பவர்களை மிரட்டினால் மட்டும் போதாது என்று ஆகிவிட்டது.

இரண்டு கெடுக்களைத் தன் கையால் வாங்கிய உர்ப்ஷிஸ், சிறைகளைத் தாண்டி 1956இல் ஊர் திரும்பினார். 1990 மார்ச் 11ஐ உயிரோடு பார்த்தார். 1991 ஏப்ரலில், தன் 95ஆவது வயதில் இறந்தார். மாஸ்கோ லித்துவேனியாவைத் தனி நாடென்று ஏற்றது அந்தச் செப்டம்பரில்.