மில் சங்கு ஊதிய ஊர்களில் பிறந்த பாட்டுகள்

இங்கிலீஷ் பாட்டு என்றால் நம் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, 80களில் கேசட் கடை வாசலில் அலறிய டிஸ்கோதான். வார்த்தை ஒன்றும் விளங்காது. தாளம் மட்டும் காலை ஆட்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் கேட்கிற சமாச்சாரம் என்று நாமும் விட்டுவிட்டோம். ஓய்வு பெற்ற பிறகு, பேரன் பழக்கிவிட்ட யூடியூப்பில் அந்தப் பக்கத்துப் பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பாட்டின் கதையையும் படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. மேல்நாட்டுக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கலங்கவைத்த பாட்டுகளில் பல, நூல் மில்லிலும் தையல் அறையிலும் பிறந்தவை. நம்ம திருப்பூர்க்காரர்களின் பிழைப்பும் அதுதானே! அந்த வரிசையை நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் சட்டை. 1843-இல் லண்டனில் ஒரு விதவைத் தாய், தைத்துத் தருவதாக வாங்கி வந்த துணியைப் பசிக்கு அடகு வைத்துவிட்டு கோர்ட்டில் நிற்க நேர்ந்தது. ஒரு கால்சட்டை தைத்தால் அவருக்குக் கிடைத்தது 7 பென்ஸ். ஊசியும் நூலும் அவர் செலவு. நம் ஊரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. செய்தி ஊரெல்லாம் பேச்சானது. அந்த டிசம்பரில் ‘பஞ்ச்’ பத்திரிகையில் தாமஸ் ஹூட் என்ற கவிஞர், தன் பெயர் போடாமல் ‘சட்டையின் பாட்டு’ என்று ஒரு கவிதை எழுதினார். விடிய விடியத் தைக்கும் ஒரு பெண் தன் பாட்டைத் தானே சொல்வதாக அது இருக்கும். பிறகு அதற்கு மெட்டுப் போட்டுப் பாடினார்கள். ஹூட் 1845-இல் இறந்துபோனார். பொதுமக்கள் காசு சேர்த்து 1854-இல் அவர் சமாதியில் கல் வைத்தபோது, சட்டையின் பாட்டைப் பாடியவர் இவர் என்று அதில் பொறித்தார்கள். அவர் எழுதிய மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

அடுத்தது அமெரிக்கா. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு துணி மில் ஊர். 1912 ஜனவரியில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வாரத்துக்கு 56 மணி நேர வேலையை 54 ஆகச் சட்டம் குறைத்தது. மில் முதலாளிகள் அந்த இரண்டு மணி நேரக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். 20,000 பேருக்கு மேல் வெளியே வந்துவிட்டார்கள். பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஜனங்கள். ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் புரியாது. பாட்டுத்தான் அவர்களைச் சேர்த்து நிறுத்தியது. ‘பாடும் வேலைநிறுத்தம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. கொட்டும் பனியில் தாக்குப்பிடித்து மார்ச்சில் கூலி உயர்வு வாங்கினார்கள். அந்தப் போராட்டத்தோடு இன்று சேர்த்துச் சொல்லப்படும் ‘ரொட்டியும் ரோஜாவும்’ பாட்டு, ஜேம்ஸ் ஓப்பன்ஹைம் எழுதிய கவிதை. அது வேலைநிறுத்தத்துக்கு முந்தைய மாதமே, 1911 டிசம்பரில், அச்சாகிவிட்டது. வயிற்றுக்குச் சோறு மட்டும் போதாது, மனுஷராக வாழவும் வேண்டும் என்பது அதன் சாரம். இன்று பாடப்படும் மெட்டு 1970களில் மிமி ஃபரீனா போட்டது. பெயர் பெற்ற பாடகி ஜோன் பயஸின் தங்கை இவர்.

என்னை அதிகம் உலுக்கியது எல்லா மே விக்கின்ஸ் என்ற பெண்ணின் கதை. வட கரோலினாவில் நூல் மில் வேலை, ஒன்பது பிள்ளைகளுக்குத் தாய். வாரச் சம்பளம் சுமார் 9 டாலர். பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது, ராத்திரி ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றக் கேட்டார், மேஸ்திரி மறுத்துவிட்டார். நான்கு பிள்ளைகள் போய்விட்டன. 1929-இல் காஸ்டோனியாவில் லோரே மில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பழைய நாட்டுப்புற மெட்டுகளில் தானே பாட்டுக் கட்டி கூட்டங்களில் பாடினார். அதில் ஒன்று ‘மில் தாயின் ஒப்பாரி’. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாய், அழும் பிள்ளையை விட்டுப் போகிற பாட்டு. செப்டம்பர் 14 அன்று சங்கக் கூட்டத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். 29 வயது நிறைய மூன்று நாள்தான் பாக்கி. அவரை அடக்கம் செய்தபோது அவர் பாட்டையே பாடினார்கள். வழக்கில் யாருக்கும் தண்டனை இல்லை. மார்கரெட் லார்க்கின் என்ற எழுத்தாளர் அந்தப் பாட்டுகளை எழுதியெடுத்துப் பத்திரிகையில் போட்டார். அவர் போடாவிட்டால் பாட்டும் அந்தக் குழிக்குள்ளேயே போயிருக்கும்.

அதே கரோலினாவில் டோர்சி டிக்சன் என்று ஒரு மில் தொழிலாளி. 12 வயதில் மில்லுக்குப் போனவர். தம்பியோடு சேர்ந்து கிடார் வாசித்து 1930களில் இசைத்தட்டுகள் கொடுத்தார். தறிக்கூடத்துச் சத்தத்தையும் சலிப்பையும் வைத்து ஒரு பாட்டு. பிறகு, எட்டு வயதில் மில்லுக்குப் போன அக்காவை நினைத்து ‘மில்லில் பச்சைப் பிள்ளைகள்’ என்று இன்னொரு பாட்டு. சுமங்கலித் திட்டத்தில் நூல் மில்லுக்கு வந்த பெண் பிள்ளைகளை அறிந்த நமக்கு, அதைக் கேட்டால் தொண்டை அடைக்கும்.

இனி நம் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. பள்ளிக்கூடங்களில் இந்தியில் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ என்று பாடுகிறார்களே, அதன் மூலமும் ஒரு தொழிற்சாலை வாசலில் வளர்ந்ததுதான். சார்ல்ஸ்டன் நகரச் சுருட்டுத் தொழிற்சாலையில் 1945-46இல் வேலைநிறுத்தம். கறுப்பினப் பெண்கள் தேவாலயப் பாட்டு ஒன்றைத் தங்கள் போராட்டத்துக்கு மாற்றிப் பாடினார்கள். அவர்களிடம் கற்றவர் டென்னசி மாநிலத்துத் தொழிலாளர் பள்ளி ஒன்றின் ஜில்ஃபியா ஹார்ட்டன். அவரிடமிருந்து பீட் சீகர் கைக்கு வந்தது. 1960-க்குப் பிறகு கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் முழுக்க அது ஒலித்தது. இந்தியில் தந்தவர் கவிஞர் கிரிஜா குமார் மாத்தூர்.

கடைசியாக ராக் இசை. ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் ‘மை ஹோம்டவுன்’, 1984-இல் வெளிவந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் துணி மில்லை மூடுகிறார்கள். ஊரை விட்டுப் போகலாமா என்று கணவனும் மனைவியும் ராத்திரி யோசிக்கிறார்கள். அவர் ஊரில் உண்மையாகவே ஒரு கம்பள மில் 1960களில் மூடிப்போனது.

அதே 1984-இல் நம் ஊரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு நீண்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். இத்தாலிக்கு ஏற்றுமதி தொடங்கி அப்போது ஆறேழு வருஷம்தான். அங்கே மில்கள் மூட மூட, இங்கே ஆர்டர் கூடியது. 2005 ஜனவரி 1 முதல் ஏற்றுமதிக் கோட்டா முறையும் போனது. அந்தப் பாட்டில் அழுகிறவனும் பவர் டேபிளில் உட்கார்ந்திருந்த நம் ஆளும் ஒரே நூலின் இரண்டு முனைகள். பிறகு நமக்கும் அந்த நாள் வந்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் ஒரேயடியாக மூடின. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றதைப் பார்த்தோம். நொய்யலோரத்து விவசாயி பட்ட பாட்டையும் பார்த்தோம். இரண்டுக்கும் பாட்டு எங்கே?

கொங்கு நாட்டில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஏற்றத்துக்குப் பாட்டு, நாற்று நடப் பாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் உண்டு. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட நான்கு மில் தொழிலாளர்களைச் சின்னியம்பாளையம் இன்றும் மறக்கவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே ரேடியோவில் வந்த பட்டுக்கோட்டையார் பாட்டும் நம்மைத் தாங்கியது. ஆனால் மில்லுக்குள் போன பெண்கள் தாங்களே கட்டியதை எழுதியெடுக்க ஒரு மார்கரெட் லார்க்கின் இங்கே பரவலாக வாய்க்கவில்லை. மேலே சொன்ன பாட்டுகள் நிலைத்ததற்கு, பக்கத்தில் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்ததும் ஒரு காரணம்.

உங்கள் வீட்டில் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போன அம்மாவோ, அக்காவோ, அத்தையோ இருந்தால், வேலைக்கு நடுவில் என்ன பாடினீர்கள் என்று கேளுங்கள். நான்கு அடி கிடைத்தாலும் போதும். அவர்கள் சொல்கிறபடியே, திருத்தாமல், பாடியவர் பெயரும் மில் இருந்த ஊரும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கைபேசியில் குரலையும் பதிந்துவிடுங்கள். இந்த வாரமே கேட்டுவிடுவது நல்லது; நமக்கும் வயதாகிறது, அவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகிறது.