மூன்றாம் நிலையில் தமிழ் இல்லை

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்த பெரியவர் ஒருவர், நம்மில் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் கவிஞராகத் தெரிந்தவர், போன வருஷம் காலமானார். அச்சில் வந்தவை பத்துப் பன்னிரண்டு கவிதைகள் இருக்கலாம். மீதியெல்லாம் ஒரு பழைய மடிக்கணினியில் இருந்தன. லினக்ஸ் போட்ட யந்திரம். அவர் போன பிறகு அது சித்திரத் திரையைக் கொண்டுவர மறுத்துப் பாதியில் இருண்டு நின்றுவிட, பழுது பார்க்கும் பையன் ஒருவன் ஒரே ஒரு கட்டளையில் அதை எழுத்துத் திரையில் போய் நிற்கும்படி மாற்றிக் கொடுத்துவிட்டான். யந்திரம் பிழைத்தது. அவர் மகள் அதை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். கறுப்புத் திரையில் கோப்புகளின் பட்டியல். ஒவ்வொரு பெயரும் நாலைந்து சாய்சதுரங்கள். ஒன்றைத் திறந்தால் உள்ளேயும் அதுவே, பக்கம் பக்கமாக.

‘என்னண்ணா, அப்பா எழுதினதெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுச்சு? அழிஞ்சு போச்சா?’ என்றாள்.

எதுவும் அழியவில்லை என்று அவளுக்குச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஏன் அப்படித் தெரிகிறது என்று எனக்கே சொல்லிக்கொள்ள அறுபது வருஷம் பின்னால் போகவேண்டியிருந்தது.

என் பழைய துவேஷம் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுத்துத் திரையின் கட்சிக்காரனாக நான் பல வருஷம் இருந்திருக்கிறேன். ஆங்கிலக் குறிப்புகள் எடுக்க வைத்திருந்த ஒரு யந்திரத்தை வேண்டுமென்றே சித்திரம் வராமல் கட்டிவைத்திருந்தேன். கறுப்பில் சாம்பல் நிற எழுத்து, ஒரு கண்சிமிட்டும் கட்டை, வேறொன்றுமில்லை. நீல் ஸ்டீஃபன்சன் 1999-இல் எழுதிய ‘ஆதியில் கட்டளை வரி இருந்தது’ என்ற நீண்ட கட்டுரை இதற்கு ஒரு தத்துவமே தந்திருந்தது. சித்திரத் திரை என்பது டிஸ்னி உலகம் மாதிரி, அனுபவத்தை யாரோ சமைத்து நமக்குப் பரிமாறுவது. கட்டளை வரியில்தான் யந்திரத்தோடு நேரடிப் பேச்சு என்பது அவர் வாதம். இது எனக்கு லகுவாக ஜீரணமாயிற்று. முழுப்பக்க ஓவியத்தோடு தொடர்கதை போட்ட ஜனரஞ்சகப் பத்திரிகை ஒருபுறம், படமே இல்லாமல் மட்டமான காகிதத்தில் வந்த நம் சிறுபத்திரிகை மறுபுறம் என்று பிரித்துப் பார்த்தே வளர்ந்த மனம். சித்திரம் கொச்சை, எழுத்து சுத்தம். அந்தப் பெண் கொண்டுவந்த திரையில் இந்தச் சுத்தத்தின் லட்சணம் தெரிந்தது.

யூனிக்ஸ் 1969-இல் பெல் பரிசோதனைச் சாலையில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய காரியம். அன்று அதற்குத் திரையே கிடையாது என்று சொல்லலாம். எதிரே இருந்தது டெலிடைப். தந்தி அடிக்கும் மின் தட்டச்சு. 1963-இல் வந்த மாடல் 33 என்ற அந்த யந்திரம் விநாடிக்குப் பத்து எழுத்து அடித்தது. அதுவும் ரோமன் பெரிய எழுத்து மட்டும். இன்றும் லினக்ஸில் ஒவ்வொரு எழுத்துத் திரைக்கும் ‘டிடிஒய்’ என்றுதான் பெயர், டெலிடைப்பின் சுருக்கம். எண்பது பத்தி, இருபத்தைந்து வரி என்று பின்னால் கண்ணாடித் திரை வந்தபோதும், அது காகிதத்துக்குப் பதில் கண்ணாடியில் அடிக்கும் டெலிடைப்பாகவே இருந்தது. நான் கவுண்டரில் பாஸ்புக் போடும் யந்திரமும் அந்த வம்சம்தான். இத்தனையாவது பத்தியில் தேதி, இத்தனையாவது பத்தியில் தொகை என்று எண்ணிக்கொண்டே போகும். எண்ண முடிய வேண்டுமானால் எல்லா எழுத்தும் ஒரே அகலமாக இருந்தாக வேண்டும்.

யந்திரம் விழித்தெழும்போது எந்த அளவுக்கு விழிப்பது என்ற கேள்விக்கு ஏ.டி.அண்ட்.டி.யின் சிஸ்டம் ஃபைவ் (1983) நிலைகளை வகுத்தது, எண்கள்தாம் பெயர். லினக்ஸ் 1991-இல் பிறந்த பிறகு இந்த ஏற்பாட்டையே வாங்கிக்கொண்டது. ‘இனிட்டாப்’ என்று ஒரு கோப்பு. அதில் ஒரு வரி. அந்த வரியில் ஓர் இலக்கம். ரெட் ஹாட்டின் வழக்கில் 3 என்றால் எழுத்துத் திரையில் நின்றுவிடும்; 5 என்றால் மேலும் ஒரு படி ஏறிச் சித்திரத் திரையில் பெயர் கேட்கும். இதே சித்திரத்துக்கு ஸ்லாக்வேர் 4 என்றது. டெபியனோ 2 முதல் 5 வரை வித்தியாசமே பார்க்கவில்லை. தானாகத் தொடங்குவது 2. அந்தக் கோப்பின் தலையிலேயே ரெட் ஹாட்காரர்கள் ஓர் எச்சரிக்கை எழுதிவைத்திருந்தார்கள்: 0 போடாதே, 6 போடாதே. 0 போட்டால் எழுந்தவுடன் அணைந்துவிடும். 6 போட்டால் எழுந்து, அணைந்து, மறுபடி எழுந்து, முடிவே கிடையாது. புனர்ஜன்மத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கவிதைகள் பலவற்றைவிட இந்த இரண்டு வரி எனக்குப் பிடிக்கும்.

சித்திரத் திரையின் சரித்திரம் தனி. 1984-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கி 1987-இல் பதினோராம் பதிப்பாக நிலைகொண்ட எக்ஸ் விண்டோ அமைப்புதான் லினக்ஸில் வெகுகாலம் அதைச் சுமந்தது. யந்திரத்தின் ஆதாரத்தில் அதற்கு இடமில்லை. மேலே வந்து உட்காரும் ஒரு நிரல் மட்டுமே. விழுந்தால் கீழே எழுத்துத் திரை தாங்கிக்கொள்ளும். 2010-இல் லென்னார்ட் போட்டரிங் அறிவித்த சிஸ்டம்-டி, 2011-இல் ஃபெடோராவிலும் 2015-இல் டெபியனிலும் வந்து எண்களை எடுத்துவிட்டுப் பெயர்களை வைத்தது. மூன்று ‘மல்டி-யூசர்’ ஆயிற்று, ஐந்து ‘கிராஃபிகல்’. யந்திரம் எழும்போது பார்ப்பது ‘டிஃபால்ட்’ என்ற பெயரில் உள்ள ஒரு சுட்டியை. அது இரண்டில் எதைக் காட்டுகிறதோ அங்கே போய் நிற்கும். ‘சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட்’ என்ற கட்டளை செய்வதெல்லாம் அந்தச் சுட்டியின் முகத்தைத் திருப்பி வைப்பதுதான். பழைய 3, 5 என்ற எண்களையும் தொடக்க வரியின் கடைசியில் சேர்த்தால் அது வெகுகாலம் புரிந்துகொண்டது, அந்த ஒரு தடவைக்கு மட்டும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சித்திர இலக்கு எழுத்து இலக்கை உள்ளடக்கியது என்பது. எழுத்து அஸ்திவாரம், சித்திரம் மாடி என்பதுதான் கட்டடம் கட்டியவர்களின் கணக்கு.

அஸ்திவாரத்தில் எந்த எழுத்து என்ற கேள்வி அங்கே எழவில்லை.

ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த வி.ஜி.ஏ. திரையில் எழுத்துருவுக்கு 256 இடம். நிறங்களில் பாதியை விட்டுக்கொடுத்தால் 512. லினக்ஸின் எழுத்துத் திரை இன்றும் அந்த 512-ஐத் தாண்டுவதில்லை. தமிழுக்கு 247 எழுத்து, அதனால்தான் இடம் போதவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, அகரமேறிய மெய் பதினெட்டு, புள்ளி வைத்தவை பதினெட்டு, இகர ஈகார உகர ஊகார வரிசைகளுக்கு எழுபத்திரண்டு, தனித்து நிற்கும் கொம்பு, கால் என்று சில. நூற்று முப்பதை எட்டாது. கிரந்தத்தைச் சேர்த்தாலும் ரோமன் எழுத்தோடு கூடவே உட்கார இடமிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் புழக்கத்துக்கு வந்த டிஸ்கி என்ற குறியேற்றம் ஏறக்குறைய இதைத்தான் செய்தது: 256-இல் கீழ்ப்பாதி ரோமன், மேல்பாதி தமிழின் உருவங்கள்.

எண்ணிக்கை இடம் கொடுத்தது. அகலம் கொடுக்கவில்லை. ‘ஔ’வையும் ‘ர’வையும் ஒரே அகலமான கட்டத்தில் அடைத்தால் ஒன்று நசுங்கும், ஒன்று மெலிந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து கிழக்கே மலாயா, சிங்கப்பூர் என்று போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை உருவாக்கியபோதே இதைச் சந்தித்தார். புள்ளி வைக்கும் விசையை அடித்தால் வண்டி நகராது. புள்ளி முதலில் விழும், அதன் கீழே எழுத்து வந்து உட்காரும். அந்தச் சூட்சுமம் ஒரு மனிதன் தமிழை மனத்தில் வைத்துக்கொண்டு யந்திரத்தைத் திருத்தியது. மறுபக்கம், யந்திரத்தை மனத்தில் வைத்துத் தமிழைத் திருத்தியதும் உண்டு. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’வில் கையாண்டு, தமிழக அரசு 1978-இல் ஆணையாக ஏற்ற சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை, னை முதலியவை பழைய சுழியையும் தும்பிக்கையையும் இழந்தன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் அதனால் சௌகரியம். எனக்கு அதில் புகார் இல்லை. பழைய ‘லை’யின் அழகு பற்றி உருகுகிறவர்கள் ஈயம் கோத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

யூனிகோட் வந்தபோது பிரச்னை வேறு தளத்துக்குப் போயிற்று. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. இந்திய அரசின் 1988 இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்தது. அங்கே சேமிப்பது உருவத்தை அன்று, ஒலியின் வரிசையை. ‘கொ’ என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி. கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் கொம்பு முன்னே வரவேண்டும், கால் பின்னே போகவேண்டும். நடுவே யாரோ ஒருவர் நின்று இதைக் கலைத்து அடுக்க வேண்டும். பாங்கோ, ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்கள் அந்த வேலைக்கென்றே இருக்கின்றன. அவை இருப்பது சித்திர மாடியில். கீழே எழுத்துத் திரைக்குத் தெரிந்தது ஒரே விதி: ஓர் எண், ஓர் உருவம், ஒரு கட்டம். விதிக்குள் வராததற்குச் சாய்சதுரம். 2012-ஐ ஒட்டி கேஎம்எஸ்கான் என்ற முயற்சி பாங்கோவையே எழுத்துத் திரைக்குக் கொண்டுவரப் பார்த்தது. வெகுகாலம் அது முயற்சியாகவே நின்றது.

டெபியன் 2007-இல் தன் நாலாம் பதிப்போடு சித்திர நிறுவி ஒன்றை வெளியிட்டது. அதற்கு முன்பு எழுத்து நிறுவி மட்டும். இரண்டும் கேட்கும் கேள்விகள் ஒன்றே, செய்யும் வேலை ஒன்றே. முதல் கேள்வி, உன் மொழி எது என்பது. சித்திர நிறுவியின் பட்டியலில் தமிழ் உண்டு. எழுத்து நிறுவியின் பட்டியலில் கிடையாது. காட்ட முடியாததைக் கேட்பானேன் என்று விட்டுவிட்டார்கள். நேர்மையான முடிவுதான். ஆனால் டெக்ஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை நாம் இத்தனை நாள் ‘எழுத்து’ என்று மொழிபெயர்த்து வந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்தப் பட்டியல் காட்டுகிறது. அங்கே டெக்ஸ்ட் என்றால் ரோமன் எழுத்து, அதன் பங்காளிகள். தமிழ் அங்கே படங்களோடு சேர்ந்தது. பழந்தமிழில் எழுதுவது என்றால் சித்திரம் தீட்டுவதும்தான்; ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். இரண்டையும் பிரித்து ஒன்றைச் சுத்தம் என்றும் இன்னொன்றை அலங்காரம் என்றும் நான் வைத்திருந்தது எந்த மொழியின் பார்வை என்று எனக்கு இப்போது சந்தேகமாயிருக்கிறது. பி.ஏ.வில் படித்த மொழியினுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ரோமன் லிபிக்காரர்களும் முழுக்கத் தப்பவில்லை. 1987-இல் மேற்கு ஐரோப்பாவுக்கென்று வந்த எட்டு பிட் தரத்தில் பிரெஞ்சின் ஓவும் ஈயும் ஒட்டிய எழுத்து விடுபட்டது. நம் ஊர் ஸ்டேஷனுக்கு எதிரே நிற்கும் சக்ரே கேர் மாதா கோயிலின் பெயரை அந்தத் தரத்தில் சரியாக எழுத வழியில்லை. 1999-இல்தான் திருத்தினார்கள். இத்தனை பெரிய ராஜ்யத்துக்கு ஓர் எழுத்து போனதற்கே பன்னிரண்டு வருஷம்.

நண்பர் ஒருவர் கேட்டார்: கட்டளைகளே ஆங்கிலம், உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவை சித்திரம் இல்லாமல்தான் எழுகின்றன, நினைவகம் மிச்சம், உனக்கென்ன நஷ்டம் என்று. சர்வருக்கு நஷ்டமில்லை. தமிழை அது பைட்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கும்; படிக்கத் தேவையில்லை. படிக்க வேண்டியவருக்குத்தான் நஷ்டம். அதுவும் யந்திரம் நோயில் விழுந்து சித்திரத்தை இழந்து கீழே வந்து நிற்கிற நேரத்தில், எதைக் காப்பாற்றுவது என்று பெயர் பார்த்துத் தேர வேண்டிய அந்த நேரத்தில், எல்லாப் பெயரும் சாய்சதுரம்.

அந்த மடிக்கணினிக்கு வருகிறேன். முதலில் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டேன், பெயர் பார்க்காமல், மொத்தமாக. பிறகு தொடக்க வரியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்தேன். சித்திர அட்டையின் சாமர்த்தியங்களை விட்டுவிட்டு சாதாரணமாக எழுந்து வா என்று அர்த்தம். சுட்டியையும் சித்திரத்தின் பக்கம் திருப்பிவைத்தேன். அகலம் குறைந்த, மங்கலான திரை ஒன்று வந்தது. பட்டியலைத் திறந்ததும் சாய்சதுரங்கள் இருந்த இடத்தில் தலைப்புகள். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள்.

ஒரு கோப்புறை மட்டும் படியவில்லை. 2001, 2002 தேதியிட்டவை. சாய்சதுரம்கூட இல்லை; ‘தமிழ்’ என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் முக்கால் என்ற பின்னம், தலையில் கோடு போட்ட ஒரு ரோமன் ‘ஏ’, அமெரிக்கக் காசுக் குறி, கோடு போட்ட ஒரு ‘யூ’. ‘இது என்ன, பிரெஞ்சா?’ என்றாள். பிரெஞ்சில்கூட அந்த இரண்டு எழுத்துக்கும் அப்படிக் கோடு விழாது. டிஸ்கியில் எழுதியவை அவை. மாற்றும் நிரல் என் வீட்டு யந்திரத்தில் இருக்கிறது. பதினொரு கோப்பு மாற்றியிருக்கிறேன், இன்னும் இருபதுக்கு மேல் பாக்கி.